பண்பாடு என்னும் மறுமொழி: பெங்களூர் ஆய்வகங்களின் சமூகவியலும் மொழிபெயர்ப்பாளர் கடனும்

சமயமும் அறிவியலும் இந்திய மண்ணில் எவ்வாறு உடனுறைகின்றன என்னும் வினாவைத் தம் ஆய்வு வாழ்வின் நடுப்பொருளாகக் கொண்ட சமூகவியலாளர் சிலரே. அவருள் ரென்னி தாமஸ் குறிப்பிடத்தக்கவர். பெங்களூரின் முன்னணி அறிவியல் ஆய்வு நிறுவனமொன்றில் களப்பணி செய்து, அறிவியலாளரின் வழிபாடு, உணவு, இசை, விழா, இறைமறுப்பு ஆகியவற்றை உசாவி அவர் எழுதிய கட்டுரைகள் 2010களின் பிற்பாதியிலிருந்து வெளிவந்தன. அவற்றின் தொடர்ச்சியாக 2021இன் இறுதியில் ரூட்லெட்ஜ் நிறுவனத்தார் அவர்தம் நூலை வெளியிட்டனர். 'இந்தியாவில் அறிவியலும் சமயமும்' என்று அதன் தலைப்பின் முற்பகுதியைத் தமிழாக்கலாம். பிற்பகுதி அவ்வாறு எளிதில் தமிழுக்கு வர மறுக்கிறது. அம்மறுப்பிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. நூலின் சமூகவியற் பெறுமதியைச் சமூகவியலார் மதிப்பிடுவர். அந்நூலும் அத்துறையும் எழுப்பும் சொற்சிக்கல்கள் வெறும் கலைச்சொற் சிக்கல்கள் அல்ல என்பதைக் காட்டுவதே ஈண்டு நோக்கம்.

தாமஸ் மறுக்க முற்படும் கருத்துகள் இரண்டு. அறிவியலும் சமயமும் ஒன்றையொன்று அழிக்க நிற்கும் பகைகள் என்பது ஒன்று. இந்தியருக்கு அப்பகை இயல்பாகவே இல்லை, இங்கு இரண்டும் இணக்கமாக வாழ்கின்றன என்பது மற்றொன்று. முன்னதை மறுத்தோர் பலர். பின்னதை மறுப்பதில்தான் இவருடைய ஆய்வின் வலிமை உளது. இவ்விணக்கத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் சான்று ஏ.கே. இராமானுசன் எழுதியது. மைசூரில் கணிதப் பேராசிரியராக இருந்த தம் தந்தையார் வானியலும் அறிவார், சோதிடமும் பார்ப்பார் என்ற குடும்பச் செய்தியை அவர் 1989இல் வெளியான தம் கட்டுரையில் எடுத்துரைக்கிறார். இந்தியச் சிந்தனை இடஞ்சார்ந்து இயங்குவது என்னும் முடிவுக்கு அக்கட்டுரை செல்கிறது. அக்கட்டுரையை எடுத்துக்காட்டுவோர் பலரும் அதன் ஐயங்களை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். அதனால் 'இந்திய மனம் அப்படித்தான்' என்பது ஒரு விளக்கம்போல நிலைத்துவிட்டது. விளக்க வேண்டியதையே விளக்கமாக வைப்பது அது. தாமஸ் இந்த இயல்புவாதத்தை ஏற்கவில்லை. இணக்கம் இருப்பின் அதை யார், எவ்விடத்தில், எச்சொல்லைக் கொண்டு ஆக்குகின்றனர் என்று கேட்கிறார்.

அச்சொல் 'கல்ச்சர்' என்பதாகும்.

ராபர்ட் ஜெராசியுடன் இணைந்து தாமஸ் 2018இல் வெளியிட்ட கட்டுரை, இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகங்களில் நிகழும் ஆயுத பூசையைப் பற்றியது. 1909இல் நிறுவப்பெற்ற இக்கழகத்தைப் பெங்களூரில் பழைய தலைமுறையினர் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே வழங்குவர். கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, புரோகிதரை அழைத்துச் செய்யும் அப்பூசையைச் சமயச் சடங்கு என்று ஒப்பாமல், அது பண்பாடு என்று அமைதி கூறுவதே அங்கு வழக்கமாக இருத்தலை அக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இது பெங்களூரில் வாழ்ந்தோர் யாவரும் அறிந்ததே. 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முன்னாள், இஸ்ரோ குழுவொன்று விண்கலத்தின் சிறு மாதிரியுடன் திருப்பதி சென்றபோதும் இவ்வமைதியே பலராலும் கூறப்பட்டது. அறிந்த ஒன்றை ஆய்வுப்பொருளாக்கி, அச்சொல் அங்கே என்ன செய்கிறது என்று கேட்டதே இவ்வாசிரியர்களின் பங்களிப்பு.

அது செய்வது யாது? பூசையில் விருப்பமில்லாதவர் மறுப்பதற்கு இடமில்லாமற் செய்கிறது. சமயமென்றால், 'என் சமயம் வேறு' என்று ஒருவர் விலகி நிற்கலாம். பண்பாடு என்றதும் விலகுபவர் பண்பாட்டிலிருந்தே விலகியவராகிறார். அதே ஆய்வகத்தில் வேறொருவர் மண்டியிட்டுச் செபித்தாலோ தொழுதாலோ அது பண்பாடு என்ற பெயரைப் பெறுமா? பெறாது. அது சமயமாகவே நிற்கும். எனவே இச்சொல்லின் நிழல் எல்லார்மேலும் ஒன்றுபோல விழுவதில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் நின்று எண்ண வேண்டும். 'பண்பாடு' என்பது 'கல்ச்சர்' என்பதற்கு நேராக இருபதாம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த சொல். அதன் ஆக்கத்தை டி.கே.சி.யோடு இணைத்துச் சொல்வது தமிழறிஞர் மரபு. பண்பு, பாடறிதல் ஆகியன கலித்தொகையிலேயே அருகருகே நிற்பதால், புதுச்சொல் பழஞ்சொல்லின் மதிப்பைப் பெற்றுவிட்டது. ஆங்கிலச் சொல்லில் 'நாங்கள் வழக்கமாகச் செய்வது' என்ற இளகிய பொருளுக்கு இடமுண்டு. தமிழ்ச் சொல்லில் 'செய்யத்தக்கது, மேன்மையானது' என்ற மதிப்புரை உள்ளேயே இருக்கிறது. பூசையைப் பண்பாடு என்று அறிவியலாளர் கூறினார் எனத் தமிழில் எழுதினால், அவர் சொன்னதைவிட மிகுதியாக நாம் அவர் வாயில் இட்டவராவோம். 'வழக்கம்' என்றால் மதிப்பு குறையும், ஆனால் ஆங்கிலச் சொல் தரும் மறைப்பும் போய்விடும். 'கலாச்சாரம்' என்பதில் உள்ள ஆசாரம் வேறொரு கதவைத் திறந்துவிடும். இக்கட்டுரையாளர் கருத்தில், இத்தகைய இடங்களில் 'கல்ச்சர்' என்னும் ஒலிபெயர்ப்பையே ஆள்வது நேர்மையானது. ஏனெனில் ஆய்வகத்தில் அச்சொல் பணிபுரிவது ஆங்கிலச் சொல்லாகவே.

சாதி பற்றிய பகுதிக்கு வருவோம். 2020இல் வெளியான தாமஸின் கட்டுரையொன்று, பெங்களூர் ஆய்வு நிறுவனமொன்றில் அறிவியல் எவ்வாறு பார்ப்பனர்க்கு இயல்பாக உரிய பணியாகக் கருதப்படுகிறது என்பதை ஆராய்கிறது. மரக்கறி உணவு, கருநாடக இசை, கல்வி மரபு பற்றிய நினைவு என இவையெல்லாம் சாதியென்று பெயர் பெறாமலே சாதியின் பணியைச் செய்கின்றன. இக்கருத்தைச் சொல்ல அவர் மாக்ஸ் வெபரின் கலைச்சொல்லைத் துணைக்கொள்கிறார். 1917இல் வெபர் ஆற்றிய உரையின் தலைப்பில் உள்ள 'பெரூஃப்' என்னும் செருமானியச் சொல் தொழிலையும் இறையழைப்பையும் ஒருங்கே குறிப்பது. ஆங்கிலத்தில் இது 'காலிங்' ஆகும். தமிழில் 'அழைப்பு' என்றால் கிறித்தவ வழக்கிற்குப் போகும். 'தொழில்' என்றால் இறைமை உதிரும். ஆயினும் பார்ப்பனரைப் பற்றிய இவ்விடத்தில் 'தொழில்' என்பதே மிகப் பொருந்துகிறது. ஓதல், ஓதுவித்தல் முதலிய அறுதொழில் என்னும் பழைய வகைப்பாடு தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வரும். 'குலத்தொழில்' என்று பெயர்த்தால் ஆங்கிலத்தில் நாகரிகமாக மூடப்பட்டிருப்பது தமிழில் வெளிப்படையாகும். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு உண்மைக்கு அருகில் நிற்கும் அரிய இடங்களுள் இது ஒன்று எனலாம்.

நூல்தலைப்பின் பிற்பகுதி இப்போது தெளிவாகும். 'டிஸ்என்சான்ட்மென்ட்' என்பதைக் கடந்து என்பது அதன் பொருள். வெபர் ஆண்ட செருமானியச் சொல் உலகிலிருந்து மந்திரம் நீங்குதலைக் குறிப்பது. தமிழில் எழுதுவோர் 'மாயநீக்கம்' என்று ஆக்க முற்படின் அது பொருளைத் தலைகீழாக்கிவிடும். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஒன்றாக மாயையை எண்ணும் சைவ சித்தாந்தத்தில், மாயை நீங்குதல் சமயத்தின் குறிக்கோள். வெபரிடம் அது சமயம் ஒதுங்குவதன் அடையாளம். 'மந்திரநீக்கம்' கரடுமுரடாக ஒலிப்பினும் தவறு செய்யாது. 'விஞ்ஞானம்' என்ற சொல்லுக்கும் இத்தகைய முன்வாழ்வு உண்டு. விஞ்ஞானகலர் என்று சித்தாந்தம் வகுத்த உயிர்களை நினைவுகூர்வோர், அச்சொல்லைக் கைவிட்டு 'அறிவியல்' என்பதற்கு நாம் மாறியதால் ஒரு குழப்பம் தீர்ந்ததென்று மகிழ்வர்.

'ரிலிஜன்' என்பதற்கு நாம் மதம், சமயம் என்னும் இரண்டையும் வேறுபாடின்றி ஆள்கிறோம். நன்னூற் பாயிரம் எண்ணும் எழுவகை மதங்களில் உடன்படலும் மறுத்தலும் அடங்கும். அங்கு மதம் என்பது நூலாசிரியன் மேற்கொள்ளும் நிலைப்பாடு. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வஞ்சி நகரில் தத்தம் கொள்கை உரைப்போருள் சைவவாதியும் வைணவவாதியும் மட்டுமல்லர், சாங்கியனும் வைசேடிகனும் உளர். பூதங்களின் கூட்டத்தினன்றி உணர்வு தோன்றாது எனும் பூதவாதியும் அவ்வரிசையில் வருகிறான். அதாவது தெய்வத்தை வேண்டாத பொருள்முதற் கொள்கையும் அங்கே ஒரு சமயமே. நம்பிக்கை உடைமையே சமயம், இன்மை சமயமின்மை என்னும் பிரிவு அக்காதைக்குப் புறம்பானது. எலைன் எக்லண்டும் அவர் குழுவினரும் இந்தியா உட்பட எட்டு நிலப்பகுதிகளின் அறிவியலாளரிடையே நடத்திய ஒப்பாய்வு 2019இல் நூலாயிற்று. எண்ணிக்கை அளவில் பெரிய முயற்சி அது. ஆயின் 'நீவிர் சமயப்பற்று உடையவரா' என்ற ஒரு வினா இத்தனை மொழிச்சூழல்களில் ஒரே வினாவாக நிற்குமா என்ற ஐயம் மொழியியலார்க்கு எழாமல் இராது. தாமஸின் களப்பணி முறை இவ்வையத்திற்கு ஓரளவு விடை தருகிறது. ஏனெனில் அவர் விடையை எண்ணுவதில்லை, விடை கூறுவோர் வாழ்வோடு ஒட்டிப் பார்க்கிறார்.

இறைமறுப்பாளர் பற்றி அவர் 2017இல் எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. தம்மை 'எதீஸ்ட்' என்று கூறிக்கொள்ளும் அறிவியலாளர் சிலர் குடும்பச் சடங்குகளிலும் மரபுவழி வாழ்க்கைமுறையிலும் தயக்கமின்றிக் கலந்துகொள்கின்றனர். மேலைநாட்டுப் புதிய நாத்திகரின் போர்க்குணம் இவரிடம் இல்லை. இவரைத் தமிழில் 'நாத்திகர்' என்று எழுதலாமா? வேதத்தை ஏற்காதவன் என்ற பழம்பொருள் இருக்கட்டும். தமிழ்நாட்டில் அச்சொல்லுக்கு ஒரு பொதுவாழ்வு உண்டு. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் தத்துவவிவேசினி இதழ் வழியே நிகழ்த்திய விவாதங்கள் ஒருபுறமிருக்க, பெரியாரின் இயக்கத்திற்குப் பின் நாத்திகர் என்றாலே மேடையும் கறுப்புச் சட்டையும் சாதியொழிப்பும் நினைவில் எழும். வீட்டில் கொலு வைத்து, ஆய்வகத்தில் ஆயுத பூசைக்கு வந்து, 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்று அமைதியாகக் கூறும் பெங்களூர்ப் பேராசிரியருக்கு அச்சட்டையை அணிவிப்பது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும். அவரை 'நம்பாதவர்' எனலாம். தமிழில் இச்சொல்லுக்கு இன்னும் கலைச்சொல் தகுதி இல்லை என்பது உண்மை. தகுதி வழங்கினால் வரும்.

இதுவரை கூறியது பாராட்டு. குறையென்று கூறத்தக்கது ஒன்றுண்டு. தாமஸ் அறிவியலாளரின் சமய வாழ்வை ஆராய்கிறார். அவர்தம் ஆய்வகத்தில் உருவாகும் பொருள்கள் எழுப்பும் அறவினாக்கள் அவர் நூலின் மையத்தில் இல்லை. 1978இல் பயோகான் நிறுவனம் தொடங்கப்பெற்ற நகரம் பெங்களூர். உயிரித் தொழில்நுட்பத்தின் தலைமையிடங்களுள் ஒன்றாக அது பின்னர் வளர்ந்தது. உயிரணுவைத் திருத்தும் கை மாலையில் கருவிக்குக் குங்குமம் இடுகிறது என்று காட்டினால் மட்டும் போதுமா? அக்குங்குமம் பகற்பணியில் எதைத் தடுக்கிறது, எதற்கு ஒப்புகிறது என்பதையும் அறிய விரும்புகிறோம்.

இவ்விடைவெளியை நிரப்ப அமெரிக்கச் சமூகவியலாளர் ஜான் எச். எவான்ஸின் ஆய்வு வாழ்வு துணைசெய்யும். சமயம், அறிவியல், உயிரித் தொழில்நுட்ப அறம் ஆகிய மூன்றையும் இணைத்தே அவர் இருபதாண்டுகளுக்கு மேல் எழுதியுள்ளார். மனிதப் பாரம்பரியக் கூறுகளை மாற்றுவது குறித்து அமெரிக்காவில் நிகழ்ந்த விவாதத்தின் வரலாற்றை அவர்தம் 2002ஆம் ஆண்டு நூல் கூறுகிறது. தொடக்கத்தில் இறையியலாரும் பங்கேற்று, மனித வாழ்வின் நோக்கம் எது என்றே வாதிட்டனர். அரசின் அறிவுரைக் குழுக்கள் தோன்றியபின் உயிரியல் அறவியலார் என்ற புதிய வல்லுநர் கூட்டம் வந்தது. தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்னும் சில கொள்கைகளுக்குள் எல்லாம் அடக்கப்பட்டன. நோக்கம் எது என்ற வினா மறைந்து, வகுக்கப்பட்ட நோக்கத்திற்கு வழி எது என்ற வினா மட்டும் எஞ்சியது. கனத்த மொழி மெலிந்த மொழியாயிற்று என்பது அவர் வாதம். அவருடைய 2018ஆம் ஆண்டு நூல், அமெரிக்கப் பொதுமக்களிடையே சமயத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள பூசல் பெரும்பாலும் அறிவு பற்றியதன்று, அறம் பற்றியது என்கிறது.

'எதிக்ஸ்' என்பதற்கு நம்மிடம் உள்ள சொற்களைப் பார்த்தால் எவான்ஸின் வாதம் தமிழில் தானே விளங்கும். நிறுவன ஆவணங்களில் வருவது 'நெறிமுறை'. 'நெறிமுறைக் குழு', 'நெறிமுறை ஒப்புதல்' என்பன வழக்காகிவிட்டன. 'வழிகாட்டு நெறிமுறைகள்' என்று வேறோர் ஆங்கிலத் தொடருக்கும் இதையே ஆள்வதால், அறம் பற்றிய குழுவும் விண்ணப்பம் நிரப்பும் முறை பற்றிய சுற்றறிக்கையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இது மெலிந்த மொழி. 'அறம்' கனத்த சொல். குறளின் முதற்பாலுக்குப் பெயராக நிற்கும் அச்சொல்லை ஆண்டால் இல்லறமும் துறவறமும் ஈகையும் கொல்லாமையும் உடன்வரும். குழுவினர் அவற்றைப் பற்றிப் பேசவே இல்லையெனில் அச்சொல் பொய்யாகும். 'நெறிமுறை' என்று பெயர்ப்பவர் நடப்பதைச் சொல்கிறார். 'அறம்' என்று பெயர்ப்பவர் நடக்க வேண்டியதைச் சொல்கிறார். இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்வது நடைபற்றிய செய்தியாகாது.

கருநாடகத்தில் கத்தரிக்காயை முன்னிட்டு இவ்வினா ஒருமுறை வெளியரங்கில் நின்றது. பூச்சியை எதிர்க்கும் நுண்ணுயிர் மரபணு சேர்த்த பி.டி. கத்தரியை மகிகோ நிறுவனம் உருவாக்கியது. கோயம்புத்தூர், தார்வார் வேளாண் பல்கலைக்கழகங்கள் தத்தம் வட்டார வகைகளில் அதனைச் சேர்க்கும் பணியில் ஈடுபட்டன. தார்வார் எடுத்த வகைகளுள் உடுப்பிக் கத்தரியும் ஒன்று. உடுப்பியை அடுத்த மட்டு ஊரின் குள்ளக் கத்தரிக்காயை வாதிராசர் அருளியதாகக் கூறுவது அவ்வூர் மரபு. கிருட்டிணன் கோயில் சமையலிலும் அதற்கு இடமுண்டு. 2011இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. மரபணுப் பொறியியல் ஒப்புதற் குழு 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு இசைவு தந்தது. பின் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். இறுதிக் கூட்டம் 2010 பிப்ரவரி 6இல் பெங்களூரில் நிகழ்ந்தது. மூன்று நாள் கழித்து அதன் வணிகச் சாகுபடி நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாப்பா, இடரா என்ற மொழியில் இம்முடிவை விளக்கலாம். ஒரு காய் எதற்காக இருக்கிறது, யாருடையது, அதை எதுவரை மாற்றலாம் என்ற வினாக்களுக்கு அம்மொழியில் இடமில்லை. கோயிலுக்கு வாழையிலையில் போகும் காயும் சந்தைக்கு மூட்டையில் போகும் காயும் நச்சியல் சோதனைக்கு ஒன்றே.

அதே 2010இல் அக்குழுவின் பெயரில் 'அப்ரூவல்' நீங்கி 'அப்ரைசல்' வந்தது. முதலெழுத்துகள் மாறாமையால் ஆங்கிலத்தில் குறுக்கப்பெயர் அப்படியே நின்றது. பலர் கவனிக்கவும் இல்லை. தமிழில் 'ஒப்புதல்' போய் 'மதிப்பீடு' வருவதால் மாற்றம் மறையாது. குழுவின் அதிகாரம் குறைந்ததென்பதைத் தமிழ்ப் பெயரே கூறிவிடும். ஆயினும் பழைய பெயரையே இன்றும் எழுதும் தமிழ்ச் செய்தியாளர் உளர்.

மருத்துவ ஆய்வுக்குச் செல்வோம், ஏனெனில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துக்கு மிக அருகில் நிற்பது அங்கேதான். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 2000இல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் ஆய்வுக்கு உட்படுவோரைக் குறித்த சொல் 2006 பதிப்பில் 'பங்கேற்போர்' என்று பொருள்படும் சொல்லாக மாறியது. 2017 பதிப்பிலும் அவ்வாறே. ஆய்வுக்கு இசைபவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருத்தல் வேண்டும் என்பதும் விதி. பெங்களூர் மருத்துவமனைகளுக்கு அந்நகரத் தமிழரோடு ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்து மக்களும் வருவதால், அங்கு கன்னடப் படிவத்தோடு தமிழ்ப் படிவமும் தேவைப்படுகிறது.

அத்தகைய படிவமொன்றைத் தமிழாக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளருக்கு வந்தது. 'இன்ஃபார்ம்ட் கன்சென்ட்' என்பதற்கு 'அறிந்து அளிக்கும் இசைவு' என்று எழுதுவதில் யாருக்கும் தடையில்லை. தடை வந்தது 'டிரையல்' என்ற சொல்லில். வழக்கிலுள்ள தமிழ் 'மருத்துவப் பரிசோதனை'. குருதியும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்பதும் தமிழில் பரிசோதனையே. நோயைக் கண்டறியும் சோதனை, மருந்தை மனிதரிடம் கொடுத்துப் பார்க்கும் சோதனை என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். தமிழில் ஒன்று. போதாதற்குச் 'சோதனை' என்பது இறைவன் அடியாரைச் சோதிப்பதையும் குறிக்கும். படிவத்தை முன்கூட்டிப் படித்துப் பார்த்த முதியவர் ஒருவர், தமக்கு நோய் என்னவென்று கண்டுபிடிக்கவே இந்தச் சோதனை என்று புரிந்துகொண்டார். விளக்கிச் சொன்னதும், 'இதுவும் ஆண்டவன் சோதனைதான்' என்று கையெழுத்திடவும் ஆயத்தமானார். அவருடைய இசைவு எதற்கு இசைவு? தன்னுரிமைக் கொள்கை நிறைவேறிவிட்டதென்று குழு குறித்துக்கொள்ளும். அவரோ தம் வினைக்கு இசைந்திருந்தார்.

'புதிய மருந்தை உங்களுக்குக் கொடுத்து, அது பயன்தருமா என்று பார்க்கும் ஆய்வு. பயன் தராமலும் போகலாம்' என்று திருத்தி எழுதினோம். நீளமாக இருந்தது. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அது பல இடங்களில் வரவேண்டியிருந்தது. மறுமொழிபெயர்ப்புச் செய்தவர், ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாக இருப்பதற்குத் தமிழில் பத்துக்கு மேற்பட்ட சொல் ஏன் என்று வினவினார். முதற்பக்கத்தில் மட்டும் நீண்ட தொடரும் ஏனைய இடங்களில் 'மருத்துவப் பரிசோதனை' என்பதும் வருமாறு அச்சிட்டனர்.